கோட்பாடா, மருந்தா? தத்துவத்திடம் எதைக் கேட்பது?

நச்சு அம்பு பாய்ந்து ஒருவன் விழுந்து கிடக்கிறான். உறவினர்கள் ஓடிப்போய் மருத்துவரை அழைத்து வருகிறார்கள். அவனோ, "இருங்கள். எய்தவன் யார், என்ன குலம், நெட்டையா குட்டையா, வில் எந்த வகை, நாண் எதில் திரித்தது, இதெல்லாம் தெரிந்த பிறகுதான் அம்பைப் பிடுங்க விடுவேன்" என்கிறான். தெரிந்துகொள்வதற்குள் செத்துப்போவான். உலகம் நிலையானதா, முடிவுள்ளதா, உயிரும் உடலும் ஒன்றா வேறா என்று விடாமல் கேட்ட மாலுங்கியபுத்தருக்குப் புத்தர் சொன்ன உவமை இது.

தத்துவம் கோட்பாடு தர வேண்டுமா, சிகிச்சையாக இருக்க வேண்டுமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் யாராவது இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள். சொன்னதும் வழக்கு தீர்ந்துவிட்ட மாதிரி ஒரு அமைதி வரும். எனக்கு மட்டும் கண் அந்த மருத்துவர் பக்கமே போகும். அம்பைப் பிடுங்கினால் ரத்தம் பீறிட்டு ஆள் போய்விடுவானா, நஞ்சு எவ்வளவு தூரம் ஏறியிருக்கும், எதைக் கொடுத்தால் இறங்கும்? அடிபட்டவனுக்குத் தேவைப்படாத கேள்விகளில் சில, மருத்துவருக்குக் கட்டாயம் தேவை. புத்தரும் உலகத்தின் எல்லையைப் பற்றிய கேள்வியை ஒதுக்கினாரே தவிர, துக்கம் எதனால் வருகிறது என்ற கேள்வியை ஒதுக்கவில்லை. அதற்குப் பன்னிரண்டு கண்ணிகள் கொண்ட ஒரு காரணச் சங்கிலியையே விரித்துச் சொன்னார். அதைக் கோட்பாடு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

ஆக, வழக்கு அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. தத்துவம் படிக்கலாமா என்று யோசிப்பவர், படித்துக்கொண்டே "இதனால் என்ன பயன்" என்று குழம்புபவர், இருவருக்கும் இந்தத் தேர்வு உண்மையிலேயே முன்னால் நிற்கிறது. எந்தப் பக்கம் போனால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று பார்க்கலாம்.

முதலில் ஒரு சிக்கலை எடுத்துவிட வேண்டும். "சிகிச்சை" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு சரக்குகள் இருக்கின்றன. ஒன்று வாழ்க்கையின் வலிக்கு மருந்து: சாவு பயம், கோபம், பேராசை, இழப்பு. பழைய கிரேக்கர்களும் ரோமர்களும் பேசியது இதை. இன்னொன்று சிந்தனையின் சிக்கலுக்கு மருந்து: நாம் பேசும் சொற்களே நம்மைச் சுற்றிக்கொண்டு, இல்லாத ஒரு புதிரை இருப்பதுபோல் காட்டும்போது அந்த முடிச்சை அவிழ்ப்பது. இருபதாம் நூற்றாண்டில் விட்கென்ஸ்டைன் பேசியது இதை. இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ஆகவே நம் முன்னால் இருப்பவை இரண்டு வழிகள் அல்ல, மூன்று.

வலிக்கு மருந்து

மனிதத் துன்பம் எதையும் தணிக்காத தத்துவவாதியின் பேச்சு வெற்றுப் பேச்சு என்றார் எபிக்கூரஸ் (கி.மு. 341–270). உடல் நோயைப் போக்காத மருத்துவத்தால் பயன் இல்லாததுபோல, மன நோயைப் போக்காத தத்துவத்தாலும் பயன் இல்லை என்பது அவர் கட்சி. அவருடைய போதனையைப் பின்வந்தவர்கள் நான்கு சரக்கு சேர்ந்த ஒரு மருந்தாகவே சுருக்கிக்கொண்டார்கள்: கடவுளுக்கு அஞ்ச வேண்டாம், சாவை நினைத்துக் கலங்க வேண்டாம், நல்லது எளிதில் கிடைக்கும், கொடியது எளிதில் தாங்கக்கூடியது.

எது வந்தாலும் மனம் கலங்காமல் வாழப் பழக வேண்டும் என்ற ஸ்டோயிக் தத்துவவாதிகளும் இதே வண்டியில் ஏறியவர்கள்தான். மனிதரைக் கலக்குவது நிகழ்வுகள் இல்லை, அவற்றைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் எண்ணங்களே என்று அவர்களில் ஒருவரான எபிக்டீடஸ் சொன்னது, 1950களில் உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் கைக்கும் பிறகு மனநல மருத்துவர் ஆரன் பெக் கைக்கும் போய், இன்றைக்கு மனநல மருத்துவத்தில் அன்றாடம் புழங்கும் ஒரு முறைக்கு விதையாயிற்று. இதை இருவருமே ஒளிக்கவில்லை. மகள் டுல்லியா இறந்த கி.மு. 45ல், துக்கத்தில் ஒதுங்கிக் கிடந்த ரோம அரசியல்வாதி சிசரோ எழுதித் தள்ளியது தத்துவம். மரண தண்டனைக்குக் காத்திருந்த சிறையில் போயத்தியஸ் எழுதியதும் தத்துவம்தான். அந்த நூலில், முதலில் மென்மையான மருந்து, நோயாளி கொஞ்சம் தேறியபின் வலுவான மருந்து என்று தத்துவமே ஒரு பெண்ணாக வந்து அவருக்கு வைத்தியம் பார்க்கிறது.

இந்த வழியின் பலம் வெளிப்படை. தத்துவம் யாருக்காக என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இருக்கிறது. படிப்பாளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கலைச்சொல் காட்டில் அது தொலைவதில்லை.

பலவீனம் எங்கே என்பதை நான் ஒரு நண்பரிடம் கற்றேன். அவருடைய தம்பி இளவயதில் இறந்துபோனான். எனக்கு அப்போது எபிக்கூரஸ் மேல் புது மோகம். சில வாரங்கள் கழித்துப் பேச்சுவாக்கில் அந்தப் பிரபலமான வாதத்தைச் சொன்னேன்: நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வந்தபின் நாம் இல்லை, உணர ஆளே இல்லாத இடத்தில் கெடுதல் எப்படி இருக்கும்? நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவனுக்கு ஒன்றுமே போகவில்லை என்றா சொல்கிறாய்?" என்றார். நான் பேச்சை மாற்றினேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அந்தக் கேள்வியைத்தான் அமெரிக்கத் தத்துவவாதி தாமஸ் நேகல் 1970ல் ஒரு சிறு கட்டுரையில் வாதமாக்கினார். சாவு கெடுதலாவது அது எப்படி உணரப்படுகிறது என்பதால் இல்லை. வாழ்ந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியவற்றை அது பறித்துவிடுகிறது, அதனால். ஒருவருக்குத் தெரியாமலே அவரை ஏமாற்ற முடியும், அவர் முதுகுக்குப் பின்னால் கேலி செய்ய முடியும். உணரவில்லை என்பதற்காக அது அவருக்குக் கெடுதல் இல்லை என்றாகிவிடாது. சாவும் அப்படித்தான் என்கிறார். நம் பிறப்புக்கு முன்னால் கழிந்த எல்லையற்ற காலம் நம்மை வருத்தவில்லையே, பின்னால் வரப்போவது மட்டும் ஏன் வருத்த வேண்டும் என்று எபிக்கூரஸின் வழிவந்த ரோமக் கவிஞர் லுக்ரீஷியஸ் கேட்டதற்கும் அவர் பதில் வைத்திருக்கிறார்: இன்னும் சில ஆண்டுகள் கூட வாழ்ந்திருக்கலாம், ஆனால் வெகுகாலம் முன்பே பிறந்திருந்தால் அது நாமாக இருந்திருக்காது. இந்தப் பதிலில் ஓட்டை உண்டா என்ற சண்டை இன்றும் நடக்கிறது.

இங்கேதான் முடிச்சு. எபிக்கூரஸின் வாதத்தால் தூக்கம் பெற்ற ஒருவருக்கு நேகலைக் கொடுக்கலாமா? சிகிச்சையே நோக்கம் என்றால் கொடுக்கக் கூடாது, மருந்து முறிந்துவிடும். எபிக்கூரஸ் தன் போதனைகளைச் சுருக்கி மனப்பாடம் செய்துகொள்ளச் சொன்னவர். மனப்பாடம் ஆறுதலுக்கு நல்லது, எதிர்வாதத்தைக் கேட்பதற்கு அவ்வளவு நல்லதில்லை. நோயாளி தேறினால் போதும் என்ற இடத்தில், மருந்து உண்மையா என்ற கேள்வி மெல்லப் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறது. ஆறுதல் தரும் பொய்யும் அதே வேலையைச் செய்யும். அப்படிப் பார்த்தால் தத்துவத்துக்கும் தூக்க மாத்திரைக்கும் என்ன வித்தியாசம்?

எபிக்கூரஸுக்கு நியாயம் செய்வதானால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் வெறும் ஆறுதல் வியாபாரி இல்லை. இயற்கையைப் பற்றி முப்பத்தேழு சுருள்கள் எழுதியவர். எல்லாமே அணுக்களும் வெற்றிடமும், உயிரும் அணுக்களின் சேர்க்கை, உடலோடு அதுவும் கலைந்துவிடும் என்ற கோட்பாடு நின்றால்தான் சாவைப் பற்றிய அவருடைய மருந்து வேலை செய்யும். கோட்பாட்டை உருவினால் மருந்துச் சீட்டில் வெறும் கையெழுத்துதான் மிஞ்சும்.

(இடையில் ஒன்று. உண்மையான மனச்சோர்வில் இருப்பவர் முதலில் போக வேண்டியது மருத்துவரிடம். எபிக்டீடஸ் காத்திருப்பார்.)

முடிச்சுக்கு மருந்து

விட்கென்ஸ்டைன் (1889–1951) வேறு ஆள். உங்கள் துக்கத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்ல வரவில்லை. அவர் இறந்தபின் 1953ல் வெளியான நூலில் சொல்வது, தத்துவப் பிரச்சினைகள் பெரும்பாலும் மொழி விடுமுறையில் போகும்போது எழுபவை என்று. தத்துவவாதி ஒரு கேள்வியை ஒரு நோயைப்போலக் கையாள்கிறார். எந்தக் கோட்பாட்டையும் முன்வைக்கக் கூடாது. குப்பிக்குள் மாட்டிய ஈக்கு வெளியே போகும் வழியைக் காட்டினால் போதும். ஒரே ஒரு சிகிச்சை இல்லை, பல சிகிச்சைகள்.

இதன் அருமை ஒரு உதாரணத்தில்தான் தெரியும். "காலம் என்றால் என்ன? யாரும் கேட்காதபோது எனக்குத் தெரிகிறது, கேட்டவருக்கு விளக்கப் போனால் தெரியவில்லை" என்றார் அகஸ்டின். கடந்த காலம் இப்போது இல்லை, எதிர்காலம் இன்னும் இல்லை, நிகழ்காலத்துக்கோ நீளமே இல்லை. அப்படியானால் "நீண்ட காலம்" என்று எதை அளக்கிறோம்? கேட்டதும் தலை சுற்றும். இப்போது விட்கென்ஸ்டைன் பாணியில் பாருங்கள். ஒரு கம்பை அளக்க அதன் இரு முனையும் ஒரே நேரத்தில் கண் முன்னால் இருக்க வேண்டும். "அளப்பது" என்றதுமே இந்தப் படம் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. காலத்தை அளக்கும்போது நாம் செய்வது வேறு: சூரியனைப் பார்க்கிறோம், கடிகாரத்தைப் பார்க்கிறோம், ஒன்று நடக்கையில் இன்னொன்று எத்தனை முறை நடந்தது என்று எண்ணுகிறோம். சொல் ஒன்றுதான், வேலை இரண்டு. கம்புப் படத்தைக் கீழே போட்டதும் அந்தப் புதிரின் பாதி அவிழ்ந்துவிடுகிறது. புதிதாக எந்தக் கோட்பாடும் தேவைப்படவில்லை.

இந்த மாதிரி ஒரு முடிச்சு அவிழும்போது கிடைக்கும் சுகம் தனி. பாதி என்று நான் சொன்னதைக் கவனிக்க வேண்டும். மீதிப் பாதி, அதாவது "இப்போது" என்பது உலகத்தில் இருக்கிறதா நம் பார்வையில் மட்டுமா என்பது, சொல்லைத் திருத்துவதால் போகாது. அதற்கு இயற்பியலும் தத்துவமும் சேர்ந்து கோட்பாடு பேசித்தான் ஆக வேண்டும்.

இரண்டு கட்சியும் ஒரே அறையில் மோதிய சம்பவம் ஒன்று உண்டு. 1939, கேம்பிரிட்ஜ். கணிதத்தின் அடிப்படைகள் பற்றி விட்கென்ஸ்டைன் வகுப்பு எடுக்கிறார். மாணவர் கூட்டத்தில் கணித மேதை ஆலன் டூரிங். ஒரு கணித முறைக்குள் முரண்பாடு ஒளிந்திருந்தால் என்ன கெட்டுவிடும், ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்பது விட்கென்ஸ்டைனின் கேள்வி. அவர் பார்வையில் அந்தப் பயமே ஒரு நோய். டூரிங் விடவில்லை. அந்தக் கணிதத்தை வைத்துப் பாலம் கட்டினால் பாலம் விழலாம், உள்ளே முரண்பாடு இல்லை என்று தெரியாதவரை அதை நம்பிப் பயன்படுத்த முடியாது என்கிறார். பாலம் விழுந்தால் இயற்கை விதியைத் தப்பாகக் கொண்டிருப்பீர்கள், இல்லை பெருக்கலில் தவறியிருப்பீர்கள், முரண்பாடு பாலத்தைத் தள்ளாது என்கிறார் விட்கென்ஸ்டைன்.

நான் இதை எத்தனை முறை படித்தாலும் டூரிங் பக்கமே சாய்கிறேன். விட்கென்ஸ்டைன் சொன்னதில் உண்மை உண்டு. இதுவரை எந்தப் பாலமும் கணிதத்துக்குள் ஒளிந்த முரண்பாட்டால் விழுந்ததில்லை. ஆனால் எது வீண் பயம், எது நியாயமான பயம் என்று யார் தீர்ப்பது? மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், 1936ல், கணிதக் கூற்றுகளை இயந்திரத்தனமாகச் சோதித்துத் தீர்க்க ஒரு வழி உண்டா என்ற, நடைமுறைக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் தெரிந்த கேள்வியை எடுத்து, அப்படி ஒரு பொதுவழி கிடையாது என்று டூரிங் நிறுவியிருந்தார். நிறுவும் போக்கில் அவர் கற்பனை செய்த இயந்திரம்தான் கணினி பற்றிய கோட்பாட்டின் அடித்தளம். "இந்தக் கேள்வியே ஒரு மொழிக் கோளாறு, விட்டுவிடு" என்று யாராவது அவரை அன்றைக்கே குணப்படுத்தியிருந்தால்?

சிகிச்சை மேல் எனக்கு இருக்கும் பெரிய தயக்கம் இதுதான். அது மருந்து கொடுக்கும் முன்பே நோய் என்று தீர்மானித்துவிடுகிறது. பசியையும் காய்ச்சலையும் பிரித்தறிய ஒரு அறிவு வேண்டும். அந்த அறிவுக்குப் பெயர் என்ன?

கோட்பாடு தருவதும் கேட்பதும்

கோட்பாட்டின் தனிச் சிறப்பாக எனக்குப் படுவது, அது தோற்க முடியும் என்பது. எண்கணிதம் முழுவதையும் தருக்கத்தின் மேல் கட்டி எழுப்ப ஜெர்மானியத் தருக்கவியலாளர் ஃப்ரெகே பல ஆண்டுகள் உழைத்தார். அந்த நூலின் இரண்டாம் தொகுதி அச்சில் இருக்கும்போது, 1902 ஜூனில் ஆங்கிலத் தத்துவவாதி ரஸ்ஸலிடமிருந்து ஒரு கடிதம். கணம் என்றால் இங்கே பொருள்களின் தொகுப்பு; தன்னையே உறுப்பாகக் கொள்ளாத கணங்களை எல்லாம் சேர்த்து ஒரு கணம் ஆக்கினால், அது தன் உறுப்பா இல்லையா? எப்படிச் சொன்னாலும் முரண். கட்டடம் ஆட்டம் கண்டது. ஃப்ரெகே அதை மறைக்கவில்லை. நூலுக்குப் பின்னிணைப்பு எழுதி அச்சிட்டார். ஒரு மனிதருக்கு இதைவிடப் பெரிய அடி விழ முடியாது. சிகிச்சை என்ற அளவுகோலில் அந்தக் கடிதம் படுதோல்வி. வந்த இடத்தில் நிம்மதியைக் கெடுத்ததுதான் மிச்சம். ஆனால் அது உண்மை. அடுத்த அரை நூற்றாண்டுத் தருக்கவியல் அந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வந்தது.

இன்னொரு இடம், பலர் சேர்ந்து ஒரே முடிவுக்கு வர வேண்டிய இடம். சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு வந்தபின், மனிதக் கருவின் மேல் எதுவரை ஆராய்ச்சி செய்யலாம் என்று பரிந்துரைக்க பிரிட்டன் 1982ல் ஒரு குழு அமைத்தது. தலைவர் மேரி வார்னாக், தொழிலால் தத்துவவாதி. 1984ல் வந்த அறிக்கை 14 நாள் என்று கோடு போட்டது. 1990ல் அது சட்டமானது. ஏன் 14? கருவில் முதன்மைக் கீற்று, அதாவது உடலின் அச்சைக் காட்டும் முதல் கோடு, தோன்றுவது ஏறக்குறைய அப்போதுதான். அதற்குமுன் அது ஒன்றாகவும் வளரலாம், இரண்டாகப் பிரிந்து இரட்டையாகவும் ஆகலாம். அந்தக் கோட்டோடு ஒத்துப்போகாதவர்கள் ஏராளம். ஆனாலும் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது, அந்தக் காரணத்தோடு மல்லுக்கட்டலாம். அந்த மேசையில் உட்கார்ந்து "உங்கள் கவலையே சொற்குழப்பம்" என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. எல்லாரையும் அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினாலும், காலையில் ஆய்வகத்தில் என்ன செய்யலாம் என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

கோட்பாட்டின் கோளாறுகளை விரித்து எழுத இடம் வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்ததே: முடிவுக்கு வராது, வறட்சி, உதாரணங்களுக்கு உலகத்தை விட்டுவிட்டு ஒரு மேசையையும் ஒரு நாற்காலியையும் கட்டிக்கொண்டு அழுவது. ஒரே வகை உதாரணத்தைத் தின்று தின்று வருவதுதான் தத்துவ நோய்க்கு முக்கியக் காரணம் என்று விட்கென்ஸ்டைன் சொன்னதை ஒவ்வொரு கோட்பாட்டாளரும் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். 1739ல் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் இதைவிட வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தன் ஆராய்ச்சி தன்னை இருட்டில் தள்ளியபோது அவரைக் காப்பாற்றியது சாப்பாடும், சொக்கட்டான் மாதிரி ஒரு பலகை விளையாட்டும், நண்பர்களோடு அரட்டையும். மூன்று நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பினால் தன் ஊகங்கள் எல்லாம் சில்லிட்டுப் போய்த் தெரிந்தனவாம். இங்கே தத்துவம் நோய், அரட்டை மருந்து.

சரி, எதை எடுப்பது?

உங்கள் கேள்வி கேட்கக் கேட்க வழுக்கிக்கொண்டே போகிறது, எந்தப் பதில் வந்தாலும் அதுவா என்று தோன்றுகிறது, எந்தச் செயலையும் அது மாற்றப்போவதில்லை என்றால் விட்கென்ஸ்டைன் வழியில் போங்கள். சொல்லைப் பிடித்து, அது வேலை செய்யும் இடங்களைப் பாருங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாம் பெரிய கேள்வி என்று சுமந்து திரிவதில் கணிசமான பங்கு இந்த ரகம்தான். மற்றபடி, உங்கள் பதில் இன்னொருவர் தலையில் போய் விடியும் என்றால், உங்கள் பதில் தப்பாக இருந்தால் ஏதாவது உடையும் என்றால், கோட்பாடு வேண்டும், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும். வலிக்கு மருந்து தேடி வருபவரிடம்தான் தயங்குகிறேன். மருந்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன், ஆனால் அதற்கு எதிராக என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதைக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

நம் மணிமேகலை இந்த வரிசையை முன்பே ஒரு மாதிரி வகுத்து வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றும். பசியைப் பிணி என்று கண்டு அமுதசுரபியோடு அலைந்தவள் அவள். சிகிச்சை பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளே வஞ்சியில் பல சமயவாதிகளின் கோட்பாடுகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து கேட்கிறாள். கண்ணால் காண்பது மட்டுமே அறிவு என்ற பூதவாதியிடம், அப்படியானால் உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். பிறகு பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் வரும்போது, துக்கத்தை அறுக்கும் போதனைக்கு முன்னால் அவர் சொல்லித்தருவது அளவையியல்: எது சான்று, எது போலிச் சான்று, காட்டும் காரணம் எங்கே வழுக்கும். ஒரு காதை முழுக்க அதுதான். கதைப் போக்கு அங்கே நின்றுவிடுவதாகப் பலர் தாண்டிப் போகும் பகுதி. மருந்துக்கு முன் தராசு வந்திருக்கிறது.

அந்த நண்பரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓரிரண்டு ஆண்டுகள் கழித்து அவரே ஒருநாள், "அன்றைக்கு என்னவோ சொன்னாயே, அதை எதிர்த்து யாரும் எழுதவில்லையா?" என்று கேட்டார். நேகல் சொன்னதைச் சொன்னேன், கட்டுரையையும் தேடிக் கொடுத்தேன். ஆறுதல் தர அதில் எதுவும் இல்லை. உங்கள் தம்பி இழந்தது உண்மையான இழப்புதான் என்று சொல்லும் எழுத்து அது. அவர் இரண்டு தடவை படித்ததாகச் சொன்னார். "இத்தனை நாள் நான் பைத்தியக்காரத்தனமாக அழுகிறேனோ என்று இருந்தது. கணக்கு சரிதான் போலிருக்கிறது" என்றார். அன்று வெகுநேரம் தம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.